பழைய பிஎம்டபிள்யூ 520டி வாங்கலாமா? செயின், இஜிஆர், கியர்பாக்ஸ் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நொய்யல்கரை

வணக்கம். கோவையில் ஒரு 520டி பார்த்து வைத்திருக்கிறேன். எஃப்10 மாடல், 2011. கறுப்பு நிறம், மீட்டரில் 68,000 கிலோமீட்டர். கார் வியாபாரி 7.5 லட்சம் சொல்கிறார், பேசினால் இறங்குவார் போலிருக்கிறது. புதிதாக வந்த காலத்தில் 40 லட்சத்தை ஒட்டி விற்ற கார், இன்று ஒரு புது ஹேட்ச்பேக் விலைக்குக் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

இப்போது ஓட்டுவது பத்து வருட டீசல் ஸ்விஃப்ட். பெரும்பாலும் சேலம், ஈரோடு என்று நெடுஞ்சாலை ஓட்டம்தான். "யானை வாங்குகிறவன் அங்குசத்துக்கும் சேர்த்து எடுத்து வைக்க வேண்டும்" என்கிறார் அப்பா. அங்குசம் எவ்வளவு ஆகும் என்பதுதான் என் கேள்வி. எஞ்சினுக்குள் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயின் அறுந்து எஞ்சினே போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். உண்மையா, ஊதிப் பெரிதாக்குகிறார்களா?

ஸ்பேனர்செட்

தம்பி, நான் தனியாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், ஜெர்மன் கார்கள்தான் அதிகம் வரும். செயின் கதையில் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த மாதத் தயாரிப்பு என்று பார்க்காமல் பேசுவதால் பாதி வதந்தியாகிவிட்டது.

அந்த காரில் இருப்பது என்47 எஞ்சின். 1,995 சிசி, 184 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர் டார்க். வழக்கமாக டைமிங் செயின் எஞ்சினின் முன்பக்கம் இருக்கும், கவரைக் கழற்றினால் கை எட்டும். என்47-ல் அதைப் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில் வைத்துவிட்டார்கள். முன்பகுதி உயரம் குறைந்தால் பானட்டைத் தாழ்வாக அமைக்கலாம், நடந்து போகிறவர் மோதினாலும் தலைக்கும் எஞ்சினுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். ஐரோப்பாவின் பாதசாரிப் பாதுகாப்பு விதிகளுக்காகப் போட்ட கணக்கு அது. நல்ல காரணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் செயினைத் தொட வேண்டும் என்றால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கியாக வேண்டும். பாகங்களின் விலையைவிடக் கூலிதான் வலிக்கும்.

உள்ளே ஒரே செயினும் இல்லை. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கிலிருந்து டீசல் ஹை பிரஷர் பம்புக்கு ஒன்று, பம்பிலிருந்து மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கு ஒன்று, ஆயில் பம்புக்குத் தனியாக ஒன்று. செயின் ஓடும் பாதையில் பிளாஸ்டிக் கைடுகள் இருக்கின்றன. அவை தேய்ந்து செயின் தளர்ந்தால் முதலில் சத்தம்தான் வரும். அப்போதே பார்த்துவிட்டால் செலவோடு போகும். அறுந்துவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதும், அதற்கப்புறம் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துத்தான் எது மிச்சம் என்று சொல்ல முடியும்.

2007 முதல் 2011 ஆரம்பம் வரை தயாரான என்47 எஞ்சின்களில்தான் இது அதிகம் பேசப்பட்டது. அதன் பிறகு பாகங்களைத் திருத்தினார்கள். இன்னும் பழையவற்றில், அதாவது 2009 தொடக்கத்துக்கு முந்தையவற்றில், செயின் மாட்டும் பல்சக்கரம் கிராங்கோடு ஒன்றாகவே வந்தது. அது தேய்ந்தால் கிராங்கையே மாற்ற வேண்டும். எஃப்10 வந்ததே 2010-ல் என்பதால் அந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை. ஆனால் 2011 என்று மட்டும் சொன்னால் போதாது. ஆர்சியில் தயாரிப்பு மாதம் இருக்கும், அதைப் பாருங்கள். காரை இணைத்த மாதமும் எஞ்சின் தயாரான மாதமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

சோதனை எளிது. முதல் நாள் ராத்திரியிலிருந்து நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே பானட் சூடாக இருந்தால், அன்று பார்க்காமல் திரும்பி வாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் 1,500 முதல் 2,000 ஆர்பிஎம் வரை மெல்ல ஏற்றி இறக்கி, பானட்டின் பின் ஓரத்தில், கண்ணாடிக்குக் கீழே காது கொடுங்கள். டீசல் சத்தத்துக்கு மேலே தனியாக உலோகம் உரசும் கரகரப்பு கேட்டால் விலை பேசவே வேண்டாம்.

ஐந்தாவது_கியர்

ஸ்பேனர்செட் அண்ணன் சொல்வதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆயில். கார் தானாகச் சொல்லும் சர்வீஸ் இடைவெளி ஐரோப்பிய ஓட்டத்துக்கு 30,000 கிலோமீட்டர் வரை கூடப் போகும். நம் வெயிலிலும் நெரிசலிலும் அதை நம்பி ஓட்டியிருந்தால் செயினையும் டர்போவையும் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். லாங்லைஃப்-04 தரத்தில் உள்ள ஆயில், 10,000-க்கு ஒரு தடவை. பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நெடுஞ்சாலைநேசன்

எல்லாரும் சேர்ந்து மனுஷனைப் பயமுறுத்தாதீர்கள். நானும் ஒரு எஃப்10 வைத்திருக்கிறேன். 120-ல் போகும்போது உள்ளே மெதுவாகப் பேசினாலே கேட்கும். சேலத்துக்குப் போய் இறங்கினால் இடுப்பு வலி கிடையாது. அந்த சீட்டில் ஒரு தடவை உட்கார்ந்தவர்களுக்குப் புரியும். சென்னைக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-லிருந்தே 5 சீரிஸை இணைத்து விற்றவர்கள். நம் ஊரில் செய்த கார், பாகம் கிடைக்காமல் போகுமா?

ஸ்பேனர்செட்

@நெடுஞ்சாலைநேசன், பாகம் கிடைக்கும், விலைதான் பிரச்சினை. அங்கே நடப்பது இணைப்பு வேலை. பெட்டி பெட்டியாக வரும் கிட்டைச் சேர்க்கிறார்கள். புதுக் காரின் வரி அதனால் குறைந்தது. பத்து வருடம் கழித்து உங்களுக்கு ஒரு ஸ்டீயரிங் ரேக் தேவைப்பட்டால் அது ஜெர்மன் பாகத்தின் விலையில்தான் வரும். கார் 7 லட்சத்துக்கு இறங்கிவிட்டது என்று பாகமும் இறங்கி வராது. 40 லட்ச ரூபாய்க் காரின் ரிப்பேர் செலவை 7 லட்ச ரூபாய்க் காருக்குச் செய்கிறோம். இந்த விஷயத்தில் பலரும் அடிபடுவது இங்கேதான்.

சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய பாகங்கள் கிடைக்கும் என்பார்கள். கதவு, கண்ணாடி, சீட் வாங்கலாம். ஏர்பேக், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் அப்படி வாங்காதீர்கள்.

ஹான்நதி

நான் 2018-ல் வேலை விஷயமாகத் தென்கொரியாவில் இருந்தேன். செயினைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், இஜிஆரை யாரும் தொடவில்லையே? அந்தக் கோடையில் அங்கே டிவியைப் போட்டாலே சாலையோரம் எரிகிற பிஎம்டபிள்யூதான், அதில் பெரும்பங்கு 520டி. சில பார்க்கிங் கட்டடங்களில் இந்த கார்களுக்கு இடமில்லை என்று எழுதியே வைத்தார்கள். அந்த ஆண்டு மட்டும் 40-க்கும் மேற்பட்ட கார்கள் எரிந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். சோதனைக்குப் போகாத கார்கள் சாலையில் ஓடக் கூடாது என்று ஆகஸ்டில் அரசே உத்தரவு போட்டது. டிசம்பரில் நிறுவனத்துக்கு 1,120 கோடி வோன் அபராதம். பிறகு திரும்ப அழைப்பு மற்ற நாடுகளுக்கும் விரிந்தது.

காரணம் இது: புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்துத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்புவது இஜிஆர். அந்தக் குளிர்விப்பான் உள்ளே விரிசல் விட்டால் கூலண்ட் கசியும். கசிந்தது கரியோடு சேர்ந்து படியும். சூடான புகை பட்டு அது கனல ஆரம்பித்தால் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு உருகித் தீப்பிடிக்கும்.

நொய்யல்கரை

ஐயோ, இது தெரியாதே. வாங்குமுன் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்பேனர்செட்

சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் ரீகால், அதாவது திரும்ப அழைப்பு வேலை, பாக்கி உண்டா என்று அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் சொல்வார்கள். இது முதல் வேலை. இரண்டாவது, கூலண்ட் டேங்க். வெளியே எங்கும் கசிவு தெரியாமல் கூலண்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் இஜிஆர் கூலரைச் சந்தேகப்படுங்கள். விற்பவர் "எப்பவாவது தண்ணி ஊத்தினா போதும்" என்று சிரித்தால் நீங்களும் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடுங்கள்.

கூடவே தெர்மோஸ்டாட், அதாவது கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு. திறந்தபடியே மாட்டிக்கொண்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது. மைலேஜ் குறையும், கரி சேரும். ஏறுகிற சூட்டைத்தான் எல்லாரும் கவனிப்பார்கள், ஏறாத சூட்டை யாரும் கவனிப்பதில்லை. ஸ்கேனரில் அரை மணி ஓட்டத்தில் தெரிந்துவிடும். முன்னால் கிராங்க் புல்லியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் ரப்பர் வெடித்திருந்தால் பெல்ட் பிய்ந்து கிராங்க் பக்கமாகச் சுற்றி உள்ளே போகும் அபாயம் உண்டு.

வேளச்சேரிவாசி

எந்த ஊர் கார் என்று யாரும் கேட்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் நின்ற விலை உயர்ந்த கார்கள் பல, இன்ஷூரன்ஸில் முழு நஷ்டம் என்று எழுதப்பட்டு ஏலத்தில் போயின. 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் அதே கதை. ஏலத்தில் எடுத்தவர்கள் கழுவி, சீட் கவர் மாற்றி, வேறு ஊரில் விற்பார்கள். ஒரு மாருதியில் தண்ணீர் புகுந்தால் ஒயரிங்கோடு போகும். இந்த காரில் பேட்டரியே டிக்கியில் இருக்கிறது, அங்கேயே பக்கவாட்டில் எலக்ட்ரானிக் பெட்டிகளும் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் பச்சை பிடித்துச் சாகும்.

சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருக்கும். டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். சீட்டுக்குக் கீழே தண்டவாளத்தில் துரு. உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் இன்னும் கவனம்.

சட்டப்படி

@நொய்யல்கரை, நம்பர் பிளேட்டில் எந்த சீரிஸ்? முழு எண் வேண்டாம், டிஎன்னுக்குப் பிறகு வரும் எண்ணும் எழுத்தும் போதும்.

நொய்யல்கரை

டிஎன் 66. எழுத்து கொஞ்சம் புதிய சீரிஸ்தான். ஏன் கேட்கிறீர்கள்?

சட்டப்படி

நினைத்தேன். 2011-ல் இங்கே பதிவான காருக்கு அந்த சீரிஸ் வந்திருக்க வாய்ப்பில்லை. வெளி மாநிலத்திலிருந்து வந்து மறுபதிவான கார். பெரும்பாலும் டெல்லியாக இருக்கும். பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசல் கார்களுக்குத் தலைநகர் வட்டாரத்தில் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகு அங்கே பாதி விலைக்கு விழுந்த டீசல் சொகுசு கார்கள் தெற்கே வந்து குவிந்தன. அதில் தப்பே இல்லை, நல்ல கார்களும் உண்டு. ஆனால் பழைய ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று (என்ஓசி) முறையாக வந்ததா, இங்கே ஆயுள் வரி கட்டியாயிற்றா, பழைய வங்கிக் கடன் ஆர்சியில் இன்னும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் பெரும்பகுதி தெரியும்.

இன்னொன்று. பதிவு 15 வருடத்துக்குத்தான். மறுபதிவு ஆன தேதியிலிருந்து இல்லை, முதல் பதிவிலிருந்து கணக்கு. 2011 கார் என்றால் 2026-ல் தகுதிச் சோதனைக்கு நிறுத்திப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. இந்த செலவு பெரிதில்லை, அலைச்சல்தான். திரும்ப விற்கும்போதும் வாங்குகிறவர் இதைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பார்.

பழைய_பெட்ரோல்

இவ்வளவு வில்லங்கம் எதற்கு? அதே காசுக்கு நல்ல கேம்ரியோ சூப்பர்போ பார்க்கலாமே. இல்லை என்றால் மெர்சிடிஸ் இ கிளாஸ்.

ஸ்பேனர்செட்

இ கிளாஸ் சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்து இ கிளாஸான டபிள்யூ212-ன் 2.1 லிட்டர் டீசலில் ஆரம்ப வருடங்களில் டெல்ஃபை பீசோ இன்ஜெக்டர்கள் தொல்லை கொடுத்து, நிறுவனமே வேறு வகைக்கு மாறியது. ஆடி ஏ6-ல் அதே காலத்து 2 லிட்டர் டீசல் என்றால் நிலையான கியர்கள் இல்லாத மல்டிட்ரானிக் சிவிடி கியர்பாக்ஸ், அதை எடுத்துச் செய்யத் தெரிந்தவர்கள் நம் பக்கம் குறைவு. கியர்பாக்ஸ் விஷயத்தில் 520டியில் இருக்கும் இசட்எஃப் எட்டு கியர் பெட்டிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். கேம்ரி வேறு ரகம். அது பெட்ரோல் குடிக்கும், ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

நெடுஞ்சாலைநேசன்

கேம்ரியில் தூங்கத்தான் முடியும் அண்ணா, அதுவே பிரச்சினை 🙂

டயர் விஷயம் சொல்கிறேன். இந்த காரில் ஸ்டெப்னி கிடையாது, ரன்-ஃப்ளாட் டயர். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டலாம். நம் சாலைப் பள்ளங்களில் விழுந்தால் பக்கச் சுவர் கொப்புளம் விடும், சில நேரம் ரிம்மும் வளையும். நான் சாதாரண டயருக்கு மாறிவிட்டேன். ஓட்டம் மெத்தென்று ஆகிவிட்டது. பஞ்சர் கிட்டும் காற்று பம்பும் டிக்கியில் கிடக்கின்றன.

ஐந்தாவது_கியர்

எனக்கு இதில் உடன்பாடில்லை. ராத்திரி பெருந்துறைக்கும் சங்ககிரிக்கும் நடுவில் குடும்பத்தோடு டயர் கிழிந்தால் பஞ்சர் கிட் என்ன செய்யும்? ரன்-ஃப்ளாட் முரட்டுத்தனமாக இருக்கட்டும், நிற்காமல் ஒரு ஊர் வரை கொண்டு போய்ச் சேர்க்கும்.

நெடுஞ்சாலைநேசன்

இடுப்பும் உங்களுடையது, தேர்வும் உங்களுடையது.

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றி. நேற்றுக் காலை ஒரு மெக்கானிக்கோடு போய்ப் பார்த்தேன். செயின் சத்தம் எதுவும் இல்லை என்றார். தயாரிப்பு மாதம் ஜனவரி 2011. முதல் பதிவு டெல்லி, @சட்டப்படி சொன்னது சரி. பிரேக் பிடித்தால் முன்னால் லேசாக அதிர்கிறது.

பெரிய விஷயம் வேறு. ஸ்கேனரை மாட்டியதும் பழைய பிழைகள் சில வந்தன. ஒவ்வொரு பிழையும் எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது என்று பக்கத்திலேயே இருக்கிறது. அதில் ஒன்று 1,31,000-ல் பதிவாகியிருக்கிறது. மீட்டரில் 68,000! வியாபாரியைக் கேட்டேன். "கம்ப்யூட்டர் தப்பாக் காட்டும் சார், வேணும்னா ஐம்பதாயிரம் குறைச்சுக்கலாம்" என்கிறார்.

சட்டப்படி

கம்ப்யூட்டர் தப்பு என்றால் அவர் எதற்கு ஐம்பதாயிரம் குறைக்க வேண்டும்?

ஸ்பேனர்செட்

மீட்டரைத் திருப்புகிறவர்கள் டாஷ்போர்டில் தெரியும் எண்ணை மாற்றிவிட்டுப் போவார்கள். இந்த கார் கிலோமீட்டரை வேறு பெட்டிகளிலும் எழுதி வைக்கிறது, சாவிக்குள்ளேயும் வைக்கிறது. எல்லாவற்றையும் தேடித் திருத்தும் பொறுமை அவர்களுக்கு இருப்பதில்லை. உங்கள் மெக்கானிக் நல்ல ஆள், அவரை விடாதீர்கள்.

பிரேக் அதிர்வுக்கு டிஸ்க்கும் காரணமாக இருக்கலாம், முன் சஸ்பென்ஷன் ஆர்ம்களின் ரப்பர் புஷ் தேய்ந்தும் இருக்கலாம். வேகத்தடைகளில் இடிபட்டு இந்த புஷ்கள் சீக்கிரம் போகும். அதிலே பயப்பட ஒன்றுமில்லை, செய்கிற வேலைதான்.

எண்ணைப் பற்றி என் கருத்து இது. 1,31,000 ஓடிய கார் என்று சொல்லி, சர்வீஸ் பில்லோடு கொடுத்திருந்தால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன். டீசல் எஞ்சினுக்கு நெடுஞ்சாலையில் ஓடிய அந்தக் கிலோமீட்டர் ஒரு பெரிய விஷயமே இல்லை. நகருக்குள்ளேயே ஊர்ந்து 60,000 ஓடிய கார் இதைவிடக் கரி பிடித்துக் கிடக்கும். ஆனால் எண்ணை மாற்றியவர் வேறு எதை மறைத்தார் என்று இனி எப்படித் தெரியும்? ஆயில் எப்போது மாற்றினார்கள், இஜிஆர் ரீகால் வேலை நடந்ததா, எல்லாமே அவர் வாய்வார்த்தைதான். அதுவும் 2011 ஜனவரித் தயாரிப்பு, சந்தேக வரிசையில் உள்ளது. ஐம்பதாயிரம் என்ன, இரண்டு லட்சம் குறைத்தாலும் எனக்கு வேண்டாம்.

பழைய_பெட்ரோல்

கேம்ரி... 

நொய்யல்கரை

@பழைய_பெட்ரோல் 😀 கேம்ரியும் பட்டியலில் இருக்கிறது.

அந்த காரை விட்டுவிட்டேன். திருப்பூரில் ஒரு 2014 மாடல், முகம் மாற்றிய 520டி, ஒரே உரிமையாளர், 1,04,000 ஓட்டம். பனியன் கம்பெனி வைத்திருப்பவர், எல்லா பில்லையும் ஃபைல் போட்டு வைத்திருக்கிறார். விலை கொஞ்சம் மேலே, 11 சொல்கிறார். ஃபைலில் எல்லாம் இருக்கிறது, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கு மட்டும் பில் இல்லை. கேட்டால் "ஷோரூமில் லைஃப்டைம் ஆயில் என்று சொல்லிவிட்டார்கள்" என்கிறார். இது சரியா?

ஸ்பேனர்செட்

உங்கள் பனியன் கம்பெனிக்காரர் பொய் சொல்லவில்லை, கார் கம்பெனி அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. ஆகவே உடனே மாற்ற வேண்டிய கட்டத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்லி விலையில் குறைக்கச் சொல்லுங்கள், நியாயமான பேச்சு.

செய்யும்போது பார்த்துச் செய்யுங்கள். இதில் ஆயில் பேன் பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடு சேர்ந்தே வரும். ஃபில்டரைத் தனியாக மாற்ற முடியாது, பேனோடு வாங்க வேண்டும். பேனைக் கழற்றும்போதே மெகாட்ரானிக் எனும் கியர் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பில் இருக்கும் சீலிங் ஸ்லீவையும் மாற்றிவிடுங்கள், சின்ன பாகம், கசிய ஆரம்பித்தால் திரும்பவும் இதே வேலை. அளவு பார்ப்பது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆயில் 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கையில். ஸ்கேனரில் சூட்டைப் பார்க்காமல் குத்துமதிப்பாக ஊற்றுகிற ஒர்க்‌ஷாப்பில் விடாதீர்கள்.

பேட்டரி எந்த வருடம் என்றும் கேளுங்கள். மாற்றியிருந்தால் காரில் புதுப் பேட்டரி என்று பதிவு செய்தார்களா? பதிவு செய்யாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றபடியே சார்ஜ் ஏற்றிப் புதியதைச் சீக்கிரம் கெடுக்கும். மழைக்கால இன்ஷூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கையும் போடச் சொல்லுங்கள். தேங்கிய தண்ணீரில் நின்ற எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் செய்து உடைத்தால் சாதாரண பாலிசி கொடுக்காது.

நொய்யல்கரை

சரி அண்ணா. வியாழக்கிழமை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறார். புஷ், கிராங்க் புல்லி, கூலண்ட், ரீகால், நான்கையும் எழுதி வைத்துக்கொண்டேன். எஞ்சின் குளிர்ந்து இருக்க வேண்டும் என்பதால் காலை ஆறரைக்கே வரச் சொல்லியிருக்கிறார். அப்பாவும் வருகிறார்.

ஸ்பேனர்செட்

டிக்கியில் தரைப் பலகையைத் தூக்கிப் பார்க்கவும் மறக்காதீர்கள். சன்ரூஃப் இருக்கிற கார் என்றால் அதன் வடிகுழாய் அடைத்தும் உள்ளே தண்ணீர் இறங்கும். ஒரு டம்ளர் தண்ணீரை சன்ரூஃப் ஓரத்தில் ஊற்றி, நான்கு பக்கமும் கீழே வருகிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு ஸ்கேன் ரிப்போர்ட்டை இங்கே போடுங்கள்.